நியூ ஹாம்ப்ஷயர் கல்லு மண்ணில் கத்தரி, வெண்டை வருமா?

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மகள் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் காட்டை ஒட்டி வீடு வாங்கியிருக்கிறாள். பின்பக்கம் கொஞ்சம் மரத்தை எடுத்துவிட்டுக் காய்கறி போட ஆசை.

குழி தோண்டிப் படம் அனுப்பினாள். மேலே மக்கிய இலையும் ஊசியிலையும் மெத்தை மாதிரி. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய அடுக்கு. அதற்கும் கீழே துருப்பிடித்த பழுப்பு. இரும்பு மேலிருந்து கரைந்து இறங்கிக் கீழே தங்குவதால் இப்படியாம். நம்ம பக்கத்துச் செம்புறாங்கல்லிலும் இரும்புதான் நிறம் கொடுக்கிறது. ஆனால் அது வெயிலும் மழையும் செய்த வேலை. அங்கே குளிரும் ஊசியிலையின் புளிப்பும்.

கல்தான் பெரிய தொல்லை. கூழாங்கல் முதல் பாறை வரை மணலோடு கலந்து கிடக்கிறது. ஆற்று வண்டல் மாதிரி தரம் பிரிந்து படியவில்லை, பனியாறு உருகும்போது அப்படியே விட்டுப்போன சரக்கு. தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது, உரமும் கூடவே போய்விடும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்: கல்லைப் பொறுக்கி மாளுமா? குளிரில் மண் உறைந்து உறைந்து வருஷாவருஷம் புதுக்கல் மேலே வருமாமே! பேசாமல் பலகை அடித்து மேடைப்பாத்தி போட்டுவிடலாமா? புளிப்பு குறையச் சுண்ணாம்பை இலையுதிர் காலத்திலேயே போட வேண்டுமா, விதைக்கும் முன் போட்டால் போதுமா? மண் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், அந்தக் குட்டிக் கோடையில் வெண்டை காய்த்தவர்கள் யாராவது இருந்தால் என்ன ரகம் என்றும் எழுதுங்கள்.