115 கிலோ ஆளுக்கு எந்த சீட் போஸ்ட் தாங்கும்?

பாலாற்றங்கரை:
வணக்கம். எடை 115 கிலோ, உயரம் ஆறடி. சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஹைப்ரிட் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வண்டியோடு வந்த அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்), ஃப்ரேமில் அதை இறுக்கும் கிளாம்ப்புக்குச் சற்று மேலே பின்பக்கமாக வளைந்துவிட்டது, போதாக்குறைக்கு சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கினால் சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. கடையில் கேட்டால் "எல்லாம் ஒரே சைஸ்தான் சார்" என்று ஒன்றை நீட்டுகிறார்கள், போட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. கார்பன் ஃபைபர் போஸ்ட் வாங்கலாமா, இல்லை லேத்தில் இரும்புத் தடியே கடைந்து போட்டுவிடலாமா?

கோட்டைச்சுற்று:
ஒரே சைஸா? 25.4, 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று வரிசையாக இருக்கிறது சார், இடையிலும் 0.2 வித்தியாசத்தில் நிறைய. 27.2 போகிற குழாயில் 27.0 போட்டால் எவ்வளவு முறுக்கினாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கடைசியில் கிளாம்ப் இறுக்குகிற ஃப்ரேமின் காதுதான் உடையும். பழைய போஸ்ட்டை வெளியே உருவி அடிப்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் அளவு பொறித்திருக்கும். இல்லையென்றால் வெர்னியர் வைத்து அளக்கணும்.

மூக்கு தூக்குவது தனிப் பிரச்சினை. சீட்டைப் பிடிக்கும் போஸ்ட்டின் தலையில் ஒரே போல்ட் இருந்து, அதன் பல் தேய்ந்தால் அப்படித்தான் நழுவும். முன்னும் பின்னும் இரண்டு போல்ட் உள்ளதாக வாங்குங்கள்.

ஆற்காடு_லேத்:
லேத் வேலைக்காரனே சொல்கிறேன், தடி வேண்டாம் அண்ணே. வளையாமல் தாங்குவது வெளிவிட்டமும் அதை ஒட்டிய உலோகமும்தான், நடுவில் நிரப்பின இரும்பு வெறும் பாரம். குழாயே போதும், சுவர் தடிமனாக இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்பது. போஸ்ட்டில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது என்பது எல்லாருக்குமான குறைந்தபட்சம். உங்க எடைக்கு அதோடு நிறுத்தாதீர்கள். ஃப்ரேமின் மேல் குழாய் வந்து சேரும் வெல்டிங்கையும் தாண்டிக் கீழே இறங்கணும். ஆறடி ஆள் சின்ன ஃப்ரேமில் 300 மி.மீ. போஸ்ட்டை முழுக்க மேலே இழுத்து ஓட்டினால் எந்த உலோகமும் வளையும், இல்லை ஃப்ரேம் வெல்டிங் விடும்.

ஏலகிரி14வளைவு:
கார்பனுக்குப் பல கம்பெனிகள் எடை வரம்பு போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். என் ஓட்டு குரோமோலி ஸ்டீலுக்கு (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு). கொஞ்சம் கனம், ஆனால் கெட்டால் வளைந்து காட்டும். அலுமினியம் விரிசல் விட்டுப் பட்டென்று போகும். அதனால் வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி ஓட்டும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அப்புறம் சீட்டை அதன் அடியில் உள்ள ரயில் கம்பிகளில் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தால் முன்னால் கொண்டு வாருங்கள், பாதி நெம்புகோல் அங்கேதான்.

பாலாற்றங்கரை:
உருவிப் பார்த்தேன், 27.2, நீளம் 300 என்றே பொறித்திருக்கிறது. கடைக்காரர் கொடுத்தது 26.8. இரண்டு போல்ட், 400 நீளத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், போடலாமா?

ஆற்காடு_லேத்:
சரியான தேர்வு. வாங்குமுன் சீட் குழாய்க்குள் ஒரு குச்சி விட்டு ஆழம் பாருங்கள், பாட்டில் மாட்டும் ஸ்க்ரூ உள்ளே நீட்டிக்கொண்டு சில வண்டியில் இடிக்கும். இடித்தால் அடியில் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாம். குழாயைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவிவிட்டு இறக்குங்கள்.