வேப்பிலை சாறு மலேரியா ஒட்டுண்ணிய கொல்லலையே, ஏன்?

கேள்வி: எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக இலைய கொதிக்க வச்சு வடிகட்டி கல்ச்சர்ல (லேப்ல வளர்க்கிற ஒட்டுண்ணில) போட்டேன், ஒண்ணுமே நடக்கல. செடிய மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க ப்ரோ, சூட்டுலயே சரக்கு போயிருக்கலாம். சீனாவுல மலேரியாவுக்கு மருந்து தேடின விஞ்ஞானி தூ யூயூ டீமுக்கும் இதே தலைவலிதான், ஆனா அவங்க செடி வேம்பு இல்ல, ஆர்டிமிசியா; பழைய வைத்திய நூல்ல அந்த செடிய பச்சத்தண்ணில ஊறவச்சு பிழிஞ்சு குடின்னு இருக்கறத படிச்சுட்டு, 35 டிகிரிலயே கொதிக்கிற ஈதர்ங்கிற கரைப்பான்ல சாற எடுத்தாங்க, 1971 அக்டோபர்ல 191ஆவது சாம்பிள் எலிங்க ரத்தத்துல ஒட்டுண்ணிய முழுசா காலி பண்ணிச்சு. அதுல இருந்த சரக்குதான் ஆர்டிமிசினின்ங்கிற மலேரியா மருந்து, அதுக்கு தூ யூயூவுக்கு 2015ல நோபல். எவ்ளோ பொறுமை பாருங்க!

பதில்: மனுஷ செல்லுலயும் அதே டோஸ் போட்டு பாருங்க, ரெண்டுமே செத்தா அது மருந்தில்ல, விஷம். ஒப்பிட்டு பாக்க, டிஎம்எஸ்ஓ (சாற கரைக்கிற திரவம்) மட்டும் போட்ட வெல் (கல்ச்சர் தட்டுல இருக்கிற சின்ன குழி) ஒண்ணு, குளோரோகுயின்ங்கிற மலேரியா மருந்து போட்டது ஒண்ணு கட்டாயம் வைங்க.

கேட்டவர்: நன்றிங்க, நிழல்ல காயவச்சு கொதிக்க வைக்காம மெத்தனால்ங்கிற கரைப்பான்ல ஊறப்போடுறேன்.