இட்லி மாவு பாக்டீரியா: 16எஸ் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை

மாவுச்சட்டி:
எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட். வீட்டில் அரைத்த இட்லி மாவை ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் எம்ஆர்எஸ் அகாரில் (லாக்டிக் அமில பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்) போட்டு 37 டிகிரியில் வைத்தேன். வந்த காலனி எல்லாம் கிராம் பாசிட்டிவ், கேட்டலேஸ் நெகட்டிவ். 27எஃப், 1492ஆர் பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து, பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் 16எஸ் ஜீனைப் பெருக்கி சீக்வென்ஸ் பண்ணியாச்சு. பிளாஸ்டில் (சீக்வென்ஸை டேட்டாபேஸோடு ஒப்பிடும் கருவி) பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் என்ற நெருங்கிய இனங்கள் மூன்றுமே 99 சதவீதத்துக்கு மேல் நிற்கின்றன. "மேல இருக்கறதைப் போட்டுடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அதோடு, மாவைப் பொங்க வைப்பது லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று படித்தேன். ஒரு காலனிகூடக் காணோமே?

ஜெல்ராணி:
போட்டுடாதேம்மா, வைவாவில் மாட்டுவாய். அந்த மூன்றுக்கும் 16எஸ் அநேகமாக ஒன்றேதான். எத்தனை முறை சீக்வென்ஸ் பண்ணினாலும் பிரியாது. ரெக்ஏ ஜீன் மூன்றிலும் வேறுபடும், அதற்கு மல்டிபிளெக்ஸ் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) போடு. மூன்று ஃபார்வர்டு பிரைமர், பொதுவாக ஒரு ரிவர்ஸ், எல்லாம் ஒரே டியூபில். ஜெல்லில் 318 பேஸ் பேரில் பட்டை வந்தால் பிளாண்டாரம், 218 என்றால் பென்டோசஸ், 107 என்றால் பாராபிளாண்டாரம். 107 பட்டை ஜெல்லின் அடியில் பிரைமர் டைமரோடு (பிரைமர்களே ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாகும் துண்டு) ஒட்டிக்கொண்டு குழப்பும். அதனால் 2 சதவீத அகரோஸ் போட்டு நிதானமாக ஓட்டு. ஜெல்லின் பக்கத்துக் குழியில் டைப் ஸ்ட்ரெய்ன் (அந்த இனத்துக்கு அத்தாட்சியான மூல ரகம்) டிஎன்ஏ கட்டாயம் ஓடணும்.

லியூகோனாஸ்டாக் ஆரம்பத்தில்தான் ஆடும். புளிப்பு ஏற ஏற, அமிலம் தாங்குகிறவை மேலே வந்துவிடும். அரைத்த நாலைந்து மணி நேரத்தில் ஒரு சாம்பிள் எடு, 37 வேண்டாம், 25 டிகிரியில் வை. சுக்ரோஸ் சேர்த்த அகாரில் போட்டால் டெக்ஸ்ட்ரான் (பிசுபிசுப்பான சர்க்கரைச் சங்கிலி) கட்டிக் கொழகொழவென்று வரும். லூப்பால் தொட்டால் நூல் இழுக்கும். அதைப் பொறுக்கு.

புளிச்சமோர்:
காலனி எடுக்காமல் நேராக மாவிலிருந்தே டிஎன்ஏ எடுத்தும் பார்க்கலாம், காசு இருந்தால். ஆனால் உளுந்து, அரிசியின் பசுங்கணிகத்திலும் (குளோரோபிளாஸ்ட்) மைட்டோகாண்ட்ரியாவிலும் 16எஸ் மாதிரி ஜீன் உண்டு. அந்த ரீடுகளை (சீக்வென்ஸில் வரும் டிஎன்ஏ துண்டுகள்) கழிக்காமல் விட்டால் உளுந்தையே எண்ணிக்கொண்டிருப்பாய்! செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏயும் அதில் சேர்ந்தே வரும்.

பெயர் எழுதும்போது கவனி: 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் இப்போது லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம். பழைய பதிவுகளில் பழைய பெயர்தான் இருக்கும், இரண்டும் ஒன்றே.

மாவுச்சட்டி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ரெக்ஏ பிரைமருக்கு இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன். டைப் ஸ்ட்ரெய்ன் டிஎன்ஏ எங்கள் லேபில் இல்லை. சண்டிகரில் எம்டிசிசியிடம் (நுண்ணுயிர் கல்ச்சர் சேமிப்பகம்) கல்ச்சராக வாங்கினால் போதுமா?

ஜெல்ராணி:
தாராளமாக. கல்ச்சர் வந்ததும் நீயே டிஎன்ஏ எடுத்துக்கொள். லைசோசைம் (செல் சுவரைக் கரைக்கும் நொதி) போட மறக்காதே. கிராம் பாசிட்டிவ் செல் சுவர் லேசில் உடையாது.