புதுப்பிப்பு: ஊட்டி வர்க்கிக் கடையின் ஆண்டு விற்பனைக் கணக்கு

முன்பு போட்ட கணக்கு இது: சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கடை, மே மாதம் நாளுக்கு 400 குழுக்கள் நுழைகின்றன, கேட்ட 200 குழுக்களில் 70 வாங்கின (35%), சராசரி பில் 300 ரூபாய். 365 நாளால் பெருக்கினால் 1.53 கோடி. அது தப்பு. எண்களெல்லாம் மாதிரிக்குத்தான், ஆனால் தப்பு நிஜமானது: சீசன் எண்களை ஆண்டு முழுவதற்கும் போட்டுவிட்டேன்.

இரண்டாகப் பிரியுங்கள். சீசன் 60 நாள்: 60 × 400 × 0.35 × 300 = 25.2 லட்சம். மீதி 305 நாளில் உள்ளூர் ஆட்கள்தான் அதிகம், சும்மா பார்க்க வருபவர்கள் குறைவு. நாளுக்கு 90 குழு, அதில் 50% வாங்கி, பில் 220 என்றால் 30.2 லட்சம். மொத்தம் 55.4 லட்சம்.

200 குழு மாதிரியில் 35% என்பது 95% நம்பகத்தில் ±6.6 புள்ளி: உண்மை விகிதம் 28.4% முதல் 41.6% வரை இருக்கலாம். அதாவது சீசன் தொகை மட்டுமே 20.4 முதல் 30 லட்சம் வரை எங்கும் இருக்கலாம். இந்த இடைவெளியைப் பாதியாக்க மாதிரி நான்கு மடங்காக வேண்டும்: 800 குழுக்களைக் கேட்க வேண்டும், 400 போதாது.

எண்ணுவதிலும் தப்பு வரலாம். ஒரு வேனிலிருந்து 12 பேர் இறங்குவார்கள், பில் ஒன்றுதான். வாசலில் தலையை எண்ணி, விகிதத்தைக் குழுவுக்கு எடுத்தால் விற்பனை பல மடங்கு ஊதும். கேள்வியை வெளியே வரும்போது, பையைப் பார்த்துக் கேளுங்கள். "வாங்குவீர்களா?" என்று உள்ளே போகிறவரைக் கேட்டால் பலர் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள்.