ஓரிழைச் சுற்று, ஈரிழைச் சுற்று: கம்பள முடிச்சுகளுக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

பாரசீகக் கம்பளத்தின் இரு அடிப்படை முடிச்சுகளைச் 'சமச்சீர் முடிச்சு', 'சமச்சீரற்ற முடிச்சு' என்று வழங்கலாம் என்னும் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கு முன் வந்த 'துருக்கி முடிச்சு', 'பாரசீக முடிச்சு' என்னும் இணையிலும் எனக்கு உடன்பாடில்லை. இவற்றுக்கு மாற்றாக முறையே 'ஈரிழைச் சுற்று', 'ஓரிழைச் சுற்று' என்னும் சொற்களை முன்வைக்கிறேன்.

முதலில் ஊர், நாட்டுப் பெயர்களால் வரும் குழப்பத்தைப் பார்ப்போம். பழைய நூல்கள் 'துருக்கி' முடிச்சுக்கு மேற்குத் துருக்கியின் கோர்தெஸ் நகரத்தின் பெயரையும், 'பாரசீக' முடிச்சுக்கு ஈரானியக் குர்திஸ்தானின் சென்னே நகரத்தின் பெயரையும் இட்டன. ஆனால் இன்று சனந்தஜ் என்று வழங்கும் அந்தச் சென்னேயின் நெசவாளர்கள் தொன்றுதொட்டுக் கட்டிவருவது கோர்தெஸ் முடிச்சைத்தான். ஈரானின் பெரும் கம்பள நகரமான தப்ரீஸிலும் கொக்கி பொருத்திய கத்தியால் இழுத்துக் கட்டப்படுவது அதுவே. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியிலுள்ள பசிரிக்கில் ரஷ்யத் தொல்லியலாளர் செர்கேய் ருதென்கோ 1949இல் உறைபனிக் கல்லறையிலிருந்து எடுத்த கம்பளம் கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலும் இதே முடிச்சுதான் இருக்கிறது. துருக்கியர் அனத்தோலியாவில் குடியேறுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட ஒரு கம்பளத்தைத் 'துருக்கி முடிச்சால் ஆனது' என்று எழுதினால், படிப்பவர் அதன் தோற்றத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்.

'சமச்சீரற்ற' என்பதில் எனக்குள்ள மனத்தடை வேறு வகையானது. 'அற்ற' என்று முடியும் பெயர், பொருளை அதன் குறையால் அறிமுகப்படுத்துகிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளம் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) எனத் தன்மேலேயே ஆண்டு பொறித்தது; ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமும், சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகளும் கொண்டது. அதன் முடிச்சுகள் இந்தச் 'சமச்சீரற்ற' வகையைச் சேர்ந்தவை. இஸ்ஃபகான், நாயின், கோம் ஆகிய நகரங்களின் மிக நுண்ணிய வேலைப்பாடும் இதில்தான் அமைகிறது. இத்தனை பெருமைக்குரிய ஒரு தொழில்நுட்பத்துக்கு எதிர்மறைப் பெயர் இடுவதை என் மனம் ஒப்பவில்லை.

இனி அமைப்புக்கு வருகிறேன். தறியில் அடுத்தடுத்து நிற்கும் இரு பாவிழைகளை, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களை, எண்ணிக்கொள்ளுங்கள். முதல் வகையான ஈரிழைச் சுற்றில், கம்பளி நூல் இரண்டு பாவிழைகளின் முன்னும் குறுக்காகப் படிந்து, இரண்டையும் வெளிப்புறமாக வளைத்துப் பின்னால் சென்று, இரு முனைகளும் நடுவிலுள்ள இடைவெளி வழியே ஒன்றாக முன்னால் வருகின்றன. இரண்டாம் வகையான ஓரிழைச் சுற்றில், நூல் ஒரு பாவிழையை மட்டும் சுற்றிக்கொண்டு, மற்றதன் பின்னால் ஒதுங்கிச் சென்று, அதன் அப்புறத்தில் தனியே தலைகாட்டுகிறது. என்னிடம் உள்ள சிறு கம்பளம் ஒன்றை ஊடை (குறுக்கு நூல்) ஓடும் போக்கில் மடித்து, நிமிர்ந்து நிற்கும் இழைகளை விரலால் விலக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அடியில் ஒரு பாவிழையின் கழுத்தில் மட்டும் சிவப்புக் கம்பளி வளையமாகக் கிடந்தது. பக்கத்துப் பாவிழை வெறுங்கழுத்தோடு இருந்தது. 'ஓரிழைச் சுற்று' என்ற சொல் எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

இரண்டாம் வகையிலும் நூல் இரு பாவிழைகளோடு தொடர்புடையதுதானே என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, ஆனால் சுற்றப்படுவது ஒன்றே. ஈரிழைத் துண்டு என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு 'ஈரிழை' புதிய சொல்லும் அன்று.

'முடிச்சு' என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. பாரசீகத்திலும் 'கெரே' என்றால் முடிச்சுதான். சதுர அங்குலத்துக்கு இத்தனை முடிச்சு என்று எண்ணும்போது அது பொதுப்பெயராக நிற்கட்டும். ஆயினும் உண்மையில் இங்கே எதுவும் முடியப்படுவதில்லை. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டிச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். கம்பளித் துணுக்கு நழுவாமல் நிற்பது அந்த இறுக்கத்தால்தான். பவானி ஜமக்காளத்தில் பாவும் ஊடையுமே உண்டு, இப்படித் தனியே சுற்றிய துணுக்கு கிடையாது. ஆகவே அங்கிருந்து ஆயத்தமான பெயரை நாம் எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

இந்தப் பெயர்களிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. ஓரிழைச் சுற்றில் தனித்து வரும் முனை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து 'இடத்திறப்பு', 'வலத்திறப்பு' எனலாம். இரண்டுக்குப் பதிலாக நான்கு பாவிழைகளின்மேல் ஒரே முடிச்சாகப் போட்டு வேலையைப் பாதியாகக் குறைக்கும் 'ஜுஃப்தி'யும் உண்டு. அதனால் கம்பளத்தின் அடர்த்தி குறைந்து, அது விரைவில் தேய்கிறது. 'ஜுஃப்த்' என்றால் இணை. எனவே அதற்கு 'இணையிழைச் சுற்று' பொருந்தும்.

கைத்தறித் தொழிலில் இருக்கும் நண்பர்கள், 'பாவிழை' என்று நான் எழுதுவது தறிக்கூடத்தில் இயல்பாக ஒலிக்கிறதா, 'பாவு நூல்' என்பதே நல்லதா என்று தெரிவித்தால், அதற்கேற்ப இச்சொற்களைத் திருத்தி அனுப்புகிறேன்.