செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசர் இணைப்பு: குறி தவறாமல் இருப்பது எப்படி?

வான்நோக்கி கேட்டது:
தாழ்புவிச் சுற்றுப்பாதையில் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் விரையும் செயற்கைக்கோள்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் லேசர் கற்றையால் தகவல் பரிமாறிக்கொள்கின்றன என்று படித்தேன். ரேடியோ அலை இத்தனை ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும்போது, இம்மி விலகினாலும் அறுந்துபோகும் லேசரை ஏன் நாட வேண்டும்? ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

அலைநீளம் எழுதியது:
கற்றை குறுகலாக இருப்பதுதான் லேசரின் பலமே. எந்த அலையும் அனுப்பும் வாயிலைவிட்டு வெளியேறியதும் விரிந்துகொண்டே போகும். அலைநீளத்தை வாயிலின் விட்டத்தால் வகுத்தால் அந்த விரிவுக் கோணம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பத்து சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே அனுப்பிய 1,550 நானோமீட்டர் லேசர், 3,000 கி.மீ. கடந்த பின்னும் சுமார் 45 மீட்டர் அகலமே இருக்கும். அதே விட்டமுள்ள தட்டிலிருந்து புறப்படும் 30 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையோ 300 கி.மீ. அகலத்துக்குப் பரவி, தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெட்டவெளியில் இறைத்துவிடும். ரேடியோ அலைவரிசைக்குத் தேவைப்படும் பன்னாட்டு ஒதுக்கீடும் ஒளிக்குத் தேவையில்லை.

சுழலாடி எழுதியது:
குறிபார்த்தலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 3,000 கி.மீ. கடக்க ஒளிக்கு 10 மில்லிவினாடி ஆகிறது. எனவே எதிர்க்கோளிலிருந்து (மறுமுனைச் செயற்கைக்கோளிலிருந்து) வந்துசேரும் ஒளி, அக்கோள் 10 மில்லிவினாடிக்கு முன் இருந்த இடத்தையே காட்டுகிறது. நாம் அனுப்புவது போய்ச்சேர இன்னுமொரு 10 மில்லிவினாடி பிடிக்கும். பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே ஒப்புமை வேகம் வினாடிக்கு 5 கி.மீ. என்றால், அதற்குள் அது 100 மீட்டர் நகர்ந்திருக்கும். தெரியும் இடத்தை நோக்கியே கற்றையைச் செலுத்தினால் அது வெறுமையில்தான் விழும் என்பதால், ஏறத்தாழ 33 மைக்ரோரேடியன் (ரேடியன் என்னும் கோண அலகின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோரேடியன்) முன்தள்ளியே செலுத்துகிறார்கள்.

முதல் சந்திப்பு சற்று வேடிக்கையானது. சுற்றுப்பாதைத் தரவு இரண்டிடமும் இருப்பதால் தேட வேண்டிய வானப்பரப்பு சிறியதே. அதை ஒரு கோள் தன் கற்றையால் சுருள் சுருளாக வருடிச் செல்லும். மற்றதன் உணரியில் ஒரு கணம் ஒளி பட்டதும், அது அத்திசைக்குத் தன் கற்றையைத் திருப்பிப் பதில் தரும். அதன்பின், நான்காகப் பிரிக்கப்பட்ட உணரியில் ஒளிப்புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து, ஒரு சிற்றாடி இடைவிடாமல் திருத்தப்படும். கோளின் திசையைப் பேணும் சக்கரங்களின் நுண்ணதிர்வுகூட இந்த அளவில் பெரிய தொல்லைதான்.

வான்நோக்கி:
நன்றி. ஒரே பாதையில் முன்பின்னாகச் செல்லும் கோள்களுக்கு இடைவெளி மாறாதே, அவற்றுக்கும் முன்தள்ளல் வேண்டுமா? மேகங்கள் குறுக்கிடாவா?

சுழலாடி:
வேண்டும். இடைவெளி மாறாவிட்டாலும், அவற்றை இணைக்கும் கோடு சுற்றுக்கு ஒருமுறை முழுதாகத் திரும்புகிறது. 3,000 கி.மீ. இடைவெளியில் அது வினாடிக்கு 3 கி.மீ.க்குச் சற்று அதிகமான குறுக்கு வேகமாகிறது. அதாவது 60 மீட்டருக்கு மேல் முன்தள்ள வேண்டும்.

அலைநீளம்:
மேகம் பூமிக்கு இறங்கும் இணைப்புக்குத்தான் பகை. தகவலை வாங்கிக் கைமாற்றித் தரும் ஐரோப்பியத் தரவு அஞ்சல் அமைப்பு அதனால்தான் சென்டினல் என்னும் புவிநோக்குக் கோள்களிடமிருந்து வினாடிக்கு 1.8 கிகாபிட் வரை லேசரில் பெற்று, தரைக்கு ரேடியோவில் இறக்குகிறது. 2001 நவம்பரில் பிரான்சின் புவிநோக்குக் கோளான ஸ்பாட்-4, ஐரோப்பாவின் தகவல்தொடர்புக் கோளான ஆர்ட்டெமிஸுக்கு முதன்முதலாக லேசரில் படம் அனுப்பியபோது வேகம் வினாடிக்கு 50 மெகாபிட்தான். 2005இல் ஜப்பானின் கிராரி கோள், அதே ஆர்ட்டெமிஸுடன் இருவழி இணைப்பையே ஏற்படுத்தியது. விண்வெளிக்குள் மேகம் இல்லையென்றாலும் சூரியன் உண்டு: எதிர்க்கோளுக்குப் பின்னால் அது வந்து நின்றால் உணரி கூசிப்போகும். பல கோள்கள் உள்ள வலையமைப்பு அந்தச் சில நிமிடங்களுக்குத் தகவலை வேறு கோள் வழியாகத் திருப்பிவிட முடியும். ஒற்றை இணைப்பு காத்திருக்கத்தான் வேண்டும்.