மாற்றிய மீட்டரில் 48,000-ஐ ட்ரில்லால் ஏற்ற முடியுமா?

மேலூர் புல்லட்காரன்:
சிம்மக்கல் சீனி நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பைக்கில் வேகத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் காட்டும் மீட்டர் பழுதாகி, அதைக் கழற்றிவிட்டுப் புதியது போடுகிறவர், சக்கரச் சுழற்சியைக் கொண்டுவரும் கேபிள் மாட்டும் முனையில் ட்ரில்லிங் மெஷினைப் பொருத்தி, ஒரே இரவில் பழைய 48,000 கிலோமீட்டரை ஏற்றிவிடலாமாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டா எழுதினார்? கேபிள் நிமிடத்துக்கு 1,400 முறை சுற்றினால் முள் மணிக்கு 60 கிலோமீட்டரைக் காட்டும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளில் இதுவே வழக்கம். ட்ரில் 2,800 சுற்று சுற்றினாலும் மணிக்கு 120 கிலோமீட்டர்தான் ஏறும். 48,000-க்கு 400 மணி நேரம், அதாவது இரவு பகலாகப் பதினாறு நாளுக்கும் மேல் ஆகும். அத்தனை நேரம் ஓட்டினால், எண்ணோடு 48,000 கிலோமீட்டர் தேய்மானமும் புது மீட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும்.

சிம்மக்கல் சீனி:
கணக்கு உங்கள் நோட்டில் இருக்கட்டும், மீட்டர் என் வண்டியில் இருக்கிறது. தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறையில் மாலையில் கொடுத்தேன். காலையில் 48,000-உடன் வாங்கினேன். ட்ரில்தான்.

மேலூர் புல்லட்காரன்:
ட்ரில் ஓடியதை நீங்கள் பார்த்தீர்களா? அந்த மெக்கானிக் செய்திருக்கக்கூடியதை நான் சொல்கிறேன். மீட்டரின் விளிம்பு வளையத்தை மெல்ல நெம்பி எடுத்து, முள்ளைப் பிடுங்கி, டயலின் திருகுகளைக் கழற்றி, எண் உருளைகள் கோத்த கம்பியை வெளியே எடுத்திருப்பார். உருளைகளுக்கு இடையில் இருக்கும் சிறு பல்சக்கரங்களை விலக்கிவிட்டால் ஒவ்வொன்றையும் விரலால் திருப்பலாம். கை பழகியவருக்கு ஒரு டீ ஆறும் நேரத்து வேலை. காலைவரை வைத்திருந்தது உங்களிடம் கூடுதலாகக் காசு வாங்குவதற்காக இருக்கும்.

சிம்மக்கல் சீனி:
என் காசைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். புல்லட்டின் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது என்று போன வருடம் இங்கே வாதாடியவர் நீங்கள்தானே?

மேலூர் புல்லட்காரன்:
பொய். முன்சக்கரத்திலிருந்து வருகிறது என்றுதான் அன்றும் எழுதினேன், இன்றும் எழுதுகிறேன். பேச்சை மாற்றாமல் 400 மணி நேரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

திருமங்கலத்தான்:
எப்படி ஏற்றுவது என்பதை விட்டுவிட்டு, ஏற்றியதை எழுதி வைப்பதைப் பற்றி யாராவது பேசுங்களேன். அமெரிக்காவில், மாற்றிய மீட்டரில் பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால் பூச்சியத்தில் வைத்துவிட்டு, பழைய எண்ணையும் மாற்றிய நாளையும் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மேலூர் புல்லட்காரன்:
புல்லட்டில் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அண்ணன் சொன்னால் நாளையே ஒட்டிவிடுகிறேன். பில்லில் பழைய எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கி, ஆர்சி புத்தகத்தோடு வைத்திருந்தால் நமக்கு அது போதும். இங்கே கேள்வி அதுவல்ல, 400 மணி நேரம்.

உசிலம்பட்டி வண்டிக்காரர்:
பழைய வண்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது எண்களின் வரிசையைத்தான். கையால் திருப்பியவர் பல்சக்கரத்தைச் சரியாக உட்கார வைக்காவிட்டால், ஓர் இடத்தில் பாதி எட்டும் பாதி ஒன்பதுமாகக் கோணி நிற்கும். சீனி தம்பி தன் மீட்டரை உற்றுப் பார்த்துச் சொல்லட்டும்.

சிம்மக்கல் சீனி:
நான்காவது எண் லேசாக இறங்கி நிற்கிறது. அது பெரியார் பேருந்து நிலையம் பக்கத்துப் பள்ளங்களில் குலுங்கியதால் வந்தது. ட்ரில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேலூர் புல்லட்காரன்:
ஊரே பார்த்துக்கொள்ளுங்கள், பழியை இப்போது பள்ளத்தின் மேல் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் ட்ரில்லோடு வரட்டும், பூச்சியத்தில் நிற்கும் மீட்டரை நான் தருகிறேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது 1,500-ஐத் தாண்டியிருந்தால் பிறகு பேசலாம்.

சிம்மக்கல் சீனி:
வருகிறேன். இரவு முழுக்க ஓடும் கரண்டுக்கு யார் பணம் கட்டுவது என்பதை முதலில் சொல்லுங்கள்.

மேலூர் புல்லட்காரன்:
ஒரே இரவுதானே, நீங்களே கட்டுங்கள்.